இன்னும் மூணு தசரா

— அதான் மூணு வருசமும் முடிஞ்சு போச்சேக்கா. போன தசராவுக்குக் குலசை முத்தாரம்மன் கோயிலுக்குப் போயி, காப்பை அறுத்து, வேசத்தைக் கழட்டி, வீட்டுக்கு வந்து ஊருக்கே சோறு போட்டாச்சு. நானுந்தான் வந்து சாப்பிட்டேன். பொறவு எதுக்கு இப்ப செவப்புத் துணியும் ஜரிகையும் வாங்கிட்டு வந்து நிக்க?

— முதல்ல தண்ணி குடுட்டி பிரேமா. பசுவந்தனையில ஏறினதுல இருந்து நின்னுக்கிட்டே வாரேன். புதியம்புத்தூருக்கு வார கூட்டமெல்லாம் அந்த ஒத்தப் பஸ்ஸுலதான் தொங்குது.

— இந்தா, குடி. குடிச்சிட்டுச் சொல்லு. யாருக்குத் துணி?

— கேக்கா பாரு. எம்மவன் செண்பகராஜுக்குத்தான். அவனுக்குப் பாவாடை சட்டை தைக்காம உங்க அத்தானுக்கா தைக்கச் சொல்லுதேன்? அவிய அங்கன கமுதிப் பக்கம் கிடை போட்டுக்கிட்டு ஆட்டோட ஆடா கெடக்காவ. நீ அந்த நைட்டியை மிஷின்ல இருந்து உருவிப் போட்டுட்டு இதை எடு. வார வெள்ளிக்கிழமை காப்புக் கட்டணும், அதுக்குள்ள வேணும்.

— கம்பெனிக்காரன் நாளைக்குக் காலைல இந்த நைட்டிக்கு வந்து நிப்பான்.

— உங்கம்பெனிக்காரன் பெருசா, முத்தாரம்மன் பெருசா?

— அம்மனை இழுக்காத. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. பிள்ளை மூளைக்காய்ச்சல்ல பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காம கெடந்தான். பொழைச்சு வந்தா மூணு வருசம் பொம்பளை வேசம் போட்டு, வீடு வீடா காணிக்கை பிரிச்சு அம்மனுக்குக் கொண்டாருவான்னு நேர்ந்த. பொழைச்சான். மூணு வருசமும் போட்டான். வளையலைப் போட்டு, சவுரி வச்சு, தட்டை ஏந்திக்கிட்டு ஊரு ஊரா சுத்தினான். அந்த நேர்ச்சை தீந்துச்சு. இது எந்த நேர்ச்சை?

— இது புதுசு.

— புதுசுன்னா?

— போன செவ்வாக்கிழமை நேர்ந்தேன். இன்னும் மூணு வருசம்.

— யாரைக் கேட்டு நேர்ந்த?

— யாரைக் கேக்கணும்? நான் பெத்த பிள்ளைக்கு நான் நேருதேன். நீ என்னமோ குத்தம் செஞ்சவளைக் கேக்க மாதிரி கேக்க. அந்தப் பயலுவ அவனைப் படுத்துத பாடு உனக்குத் தெரியாதுட்டி. தெரிஞ்சா இப்பிடிக் கேக்க மாட்ட.

— சரி, தெரியாதுன்னே வச்சுக்க. சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு.

— ஜூன் மாசம் கோவில்பட்டியில ஒன்பதாங் கிளாஸ்ல சேத்து ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தம்லா. நம்ம ஊருல எட்டோட சரி, அதுக்கு மேல இல்லியே. போகும்போது சிரிச்சுக்கிட்டுத்தான் போனான். புதுப் பெட்டி, புதுப் பூட்டு, சாவியை அரைஞாண்ல கோத்துக்கிட்டான். முத லீவுக்கு வாரான், சட்டையில ஒரு பொத்தான் கூட இல்ல. கேட்டா வெளாட்டுல போச்சுங்கான். அடுத்த லீவுக்கு வாரான், ரெண்டு கன்னமும் தோலு உரிஞ்சு ரணமா கெடக்கு. வெயில்னு நினைச்சு நான் தேங்காண்ணெ தடவுதேன், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கிடுதான். என்னமோ பூச்சி கடிச்சிட்டும்மாங்கான். பொறவு, கடைக்கார வன்னியபெருமாள் அண்ணாச்சி மவன் அங்கனதான படிக்கான், அவன் வந்து சொன்னான். செங்கலைப் பொடியாக்கி, ரோஸ் பவுடர் போடுதோம்னு சொல்லிக் கன்னத்துல தேய்ச்சிருக்கானுவ. தேய்ச்சு விட்டு, இடுப்பை ஆட்டி நடன்னு சொல்லியிருக்கானுவ.

— யாரு தேய்ச்சா?

— நந்தகோபாலுன்னு ஒருத்தன், பத்தாங் கிளாஸ். கடம்பூருல அவிய அப்பா கடை வச்சிருக்காவ. இவன்தான் தலை. மத்தவனுவ இவன் பின்னால சுத்துதவனுவ. கேளு பிரேமா, போன வருசம் வேசக்காரவுகளோட நம்ம தசரா செட்டு கடம்பூருக்குப் போச்சுல்லா, அவிய கடை வாசல்லயும் நின்னிருக்கு. அப்ப இதே நந்தகோபாலு கடைக்குள்ள இருந்து எறங்கி வந்து, செருப்பைக் கழட்டிட்டு, எம்மவன் தட்டுல காசு போட்டுக் குனிஞ்சு திருநீறு வாங்கியிருக்கான். எம்மவன்தான் நெத்தியில பூசி விட்டிருக்கான். அன்னைக்கு சாமின்னு கும்பிட்டவன் ஹாஸ்டல்ல பாத்ததும், ஏலே நீ அந்தப் பொம்பளைதானங்கான். அன்னையோட செண்பகராஜுல இருந்த ராஜு போயிருச்சு. செண்பகம், செண்பகம்னுதான் கூப்பிடுதானுவளாம். சாப்பாட்டு வரிசையில நின்னா, பொம்பளை கடைசியிலதான் திங்கணும்னு பின்னால தள்ளி விடுதானுவளாம். பிள்ளைக்குப் பாதி நாளு குழம்பே கிடைக்கதில்லையாம். எனக்கு இங்கன சோத்துல கை வைக்க மனசு வருமா சொல்லு.

— அத்தான்ட்ட சொன்னியா?

— சொல்லாம? வன்னியபெருமாள் அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டாவ, அப்பச் சொன்னேன். ஆம்பளைப் பயதான, திருப்பி நாலு சாத்து சாத்தச் சொல்லுன்னாவ. அவனுவ கூட்டமா இருக்கானுவ, இவன் ஒத்தையாளுன்னேன். அப்ப கடிச்சு வைக்கச் சொல்லுன்னாவ. ஒரு ஆட்டுக்கு வயிறு ஊதுனா விடிய விடியக் கண்ணு மூடாத மனுசன், பெத்த பிள்ளைக்குன்னு வந்தா போன்லயே முடிச்சுக்கிடுதாவ.

— ஸ்கூலுக்குப் போனியா?

— போனேன். நல்ல சேலையா உடுத்திக்கிட்டு, பெரிய சாருக்கு ஒரு சீப்பு நாட்டுப்பழம் வாங்கிக்கிட்டுப் போனேன். நல்ல மனுசன்தான், இல்லங்கல. உக்காருங்கம்மான்னாரு, எல்லாத்தையும் பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு என்ன செஞ்சாரு? அந்தப் பயலுவ அத்தனை பேரையும் கூப்பிட்டு வரிசையா நிப்பாட்டிட்டாரு. எம்மவனையும் கூப்பிட்டு அவனுவளுக்கு நேரா நிப்பாட்டி, இதுல யாரு உன்னைய அடிச்சது, கையைக் காட்டுங்காரு. எப்பிடிக் காட்டுவான்? ராத்திரி அவனுவளோடதான போயிப் படுக்கணும்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு, யாருமில்ல சார்ங்கான். பாத்தீங்களாம்மா, பயலுவ வெளாட்டைப் போயிப் பெருசு பண்ணுதீங்கன்னுட்டு, எல்லாரையும் கை குலுக்கச் சொன்னாரு. என் கண்ணு முன்னாலதான் குலுக்கினானுவ. நந்தகோபாலு எம்மவன் தோள்ல கையைப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போறான், அண்ணன் தம்பியாட்டம். அதைப் பாத்துட்டு நானும் மனசு ஆறித்தான் பஸ் ஏறினேன்.

— அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?

— என்ன நடந்துச்சு?

— நீ முடி. பொறவு சொல்லுதேன்.

— உனக்கு எப்பிடிட்டி தெரியும்? நீ இங்கன மிஷினை மிதிச்சுக்கிட்டுக் கெடக்க.

— முடின்னேன்லா. வார்டனைப் பாத்தியா, இல்லையா?

— பாத்தேன். அவரு கட்டில்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டே பேசுதாரு. வேசம் போட்டா கேலி பண்ணத்தான் செய்வானுவ, நானும் சின்னப் பிள்ளையில கேலி பட்டுத்தான் வந்தேன், கொஞ்ச நாள்ல பழகிரும்ங்காரு. பழகுததுக்கு அது என்ன கிணத்துத் தண்ணியா? அங்கனயும் போச்சு. கடைசியில நம்ம தசரா செட்டு மாயகிருஷ்ணன் அண்ணாச்சி வீட்டு வாசல்ல போயி உக்காந்து அழுதேன். அவருதான் சொன்னாரு, வள்ளித்தாயி, மனுசங்கிட்டச் சொல்லிச் சொல்லி என்னத்தக் கண்ட, அவகிட்டச் சொல்லுன்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. டாக்டரு கையை விரிச்ச அன்னைக்கு யாரு காப்பாத்துனா? அவதான? வீட்டுக்கு வந்து வெளக்கேத்தி, மஞ்சத் துணியில காசு முடிஞ்சேன். தாயே முத்தாரம்மா, எம்பிள்ளையை அந்தப் பயலுவ கையில இருந்து காப்பாத்து. இன்னும் மூணு வருசம் அதே பொம்பளை வேசம் போட்டு விடுதேன். கிராமத்துல மட்டுமில்ல, கோவில்பட்டி பஜாருக்குள்ளயே காணிக்கை பிரிக்க விடுதேன்னு நேர்ந்தேன்.

— கோவில்பட்டி பஜாருக்குள்ள.

— நேர்ச்சை பெருசா இருந்தாத்தான அவளும் பெருசா செய்வா?

— அக்கா, நீ சொன்னதை நீயே ஒரு தடவை காதால கேட்டுப் பாரு. அவனுவ எதுக்கு அடிக்கானுவ?

— எதுக்குன்னா, திமிரெடுத்த பயலுவ.

— வேசம் போட்டதுக்கு அடிக்கானுவ. அந்த அடி நிக்கணும்னு நீ திரும்பவும் அதே வேசத்தை நேர்ந்துட்டு வந்திருக்க. அதுவும் அவனுவ கண்ணு முன்னால, பள்ளிக்கூடத்துக்குப் போற வார தெருவுல.

— ஏட்டி, நான் அப்பிடி நினைச்சா நேர்ந்தேன்? வேசம் கட்டிட்டா அவன் சாமில்லா. சாமியை எவன் கை வைப்பான்? கை வச்சா கை வெளங்குமா? அந்த நந்தகோபாலே குனிஞ்சு திருநீறு வாங்கினான்னு சொன்னேன்லா.

— காப்பு அறுத்த மறுநாளு?

— மறுநாளைக்கு... நீ என்ன வக்கீலாட்டம் மடக்குத? எனக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுச்சு. கும்பிடுததைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?

— இதை அவன்ட்ட சொன்னியா?

— சொல்லாம இருப்பேனா? முந்தாநாளு சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்து எடுக்கான். ராசு, இனிமே நீ பயப்படாத, அம்மா உனக்காக நேர்ந்துட்டேன், இன்னும் மூணு தசராவுக்கு வேசம், இந்த வருசம் கோவில்பட்டி பஜாருக்கே நம்ம செட்டு வருது, எல்லாத்தையும் அவ பாத்துக்கிடுவான்னு சொன்னேன். அவனுக்கும் சந்தோசம்தான்.

— சந்தோசம்னு அவன் வாயால சொன்னானா?

— சரிம்மான்னான்.

— வேற?

— வேற என்ன சொல்லுவான்? சரிம்மான்னுட்டு வச்சிட்டான். அவன் என்னைக்கு எதுத்துப் பேசினான்? பிள்ளைப்பூச்சி மாதிரி வாய் பேசாத பிள்ளை.

— அக்கா, கையைக் குடு. நான் இப்ப ஒண்ணு சொல்லப் போறேன். உக்காந்த எடத்துலயே உக்காந்து கேக்கணும், கத்தக் கூடாது. பிள்ளை நல்லா இருக்கான். அதை முதல்ல மனசுல வாங்கிக்க.

— நல்லா இருக்கான்னா? ஏன் இப்பிடிச் சொல்லுத? என்ன நடந்துச்சு?

— நீ போனை வச்ச கொஞ்ச நேரத்துல அவன் ஹாஸ்டலை விட்டுப் போயிட்டான்.

— போயிட்டான்னா எங்கன போயிட்டான்?

— கயத்தாறுக்கு. லாரி நிக்கித எடத்துக்கு. பம்பாய் போற லாரி எது, கிளீனருக்கு ஆள் வேணுமான்னு ஒவ்வொரு டிரைவரா கேட்டுக்கிட்டு நின்னிருக்கான்.

— விடுட்டி. கையை விடு. நான் கயத்தாறுக்குப் போணும்.

— அங்கன இல்லக்கா இப்ப. நல்லா இருக்கான்னு சொன்னேன்லா, கேளு. தங்கசாமின்னு ஒரு டிரைவரு, தூத்துக்குடிக்கு உப்பு ஏத்த வாரவரு. இவன் நிக்கித நிலையைப் பாத்துட்டு, பம்பாய்க்குத்தான் போறேன் ஏறுலேன்னு பொய்யைச் சொல்லி ஏத்தியிருக்காரு. வேற எவன் வண்டியிலயாவது ஏறிரக் கூடாதேன்னுதான். வழியில புரோட்டா வாங்கிக் குடுத்து, மெல்லப் பேச்சுக் குடுத்திருக்காரு. உனக்கு எங்கனதாம்லே ஆளு இருக்கு, கொண்டு போயி விடுதேன்னு கேட்டா, எங்கம்மாட்ட மட்டும் விட்டுராதீங்கன்னு அழுதிருக்கான்.

— எங்கிட்டயா?

— ஆமா.

— எங்கிட்ட விடாதீங்கன்னு எம்பிள்ளை சொன்னானா?

— சொல்லியிருக்கான். புதியம்புத்தூருல எங்க சித்தி இருக்குன்னு சொல்லியிருக்கான். அவரு லாரியைத் தெரு முக்குல நிப்பாட்டிட்டு, தோள்ல கை போட்டுக் கூட்டிட்டு வந்து கதவைத் தட்டுதாரு. நேத்து விடியக்காலம். ஒரு வாய்க் காப்பி கூடக் குடிக்கல அந்த மனுசன். பிள்ளையை அடிக்காதம்மா, அவன் நெறைய அடி வாங்கிட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

— நேத்து விடியக்காலமே வந்துட்டானா? எனக்கு யாருமே சொல்லலியே. ஹாஸ்டல்ல தேடலியா?

— ஊருக்குப் போயிருப்பான்னு நினைச்சாராம் வார்டன். நான் பூத்துல இருந்து போன் போட்டுச் சொன்ன பொறவுதான் அவருக்கே பதறுச்சு. உனக்கும் அப்பவே ஆளனுப்பியிருப்பேன். காலைக் கட்டிக்கிட்டான். அம்மாட்ட சொல்லாத சித்தி, சொன்னா காப்புக் கட்டிரும்ங்கான். இன்னைக்குச் சாயங்காலம் நானே வரலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீ துணியோட வந்து நிக்க.

— இங்கனயா இருக்கான்?

— உள் ரூம்புல, துணி மூட்டைக்கு நடுவுல படுத்திருக்கான். எந்திரிக்காத. இருக்கா, இரு. இப்ப நீ போயிக் கட்டிக்கிட்டு அழுதா, அவன் உன்னையச் சமாதானப்படுத்தத்தான் பாப்பான். சரிம்மா சரிம்மாம்பான். நீ சந்தோசமா கூட்டிட்டுப் போயிருவ. பொறவு திரும்பவும் போயிருவான்.

— என்னயப் பாக்க விடுட்டி. ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துருதேன்.

— பாக்கலாம். எங்கன போறான்? முழுசா கேட்டுட்டுப் போ.

— அப்பச் சொல்லு. அந்தக் கை குலுக்கின ராத்திரி என்ன நடந்துச்சு?

— காட்டிக் குடுக்கவா பாத்தன்னு சொல்லி, வெளக்கணைச்ச பொறவு எழுப்பியிருக்கானுவ. படுக்கை விரிப்பை எடுத்துச் சேலையா சுத்தி விட்டு, சோத்துத் தட்டைக் கையில குடுத்து, ஒவ்வொரு கட்டிலா போயிக் காணிக்கை கேக்கச் சொல்லியிருக்கானுவ. உங்க செட்டுல சொல்லுவீங்கள்ல, அம்மா தாயே அம்மனுக்குக் காணிக்கைன்னு, அதே மாதிரி ராகம் போட்டுக் கேக்கணும். ஒருத்தன் தட்டுல எச்சித் துப்புவான், ஒருத்தன் பழஞ்சாக்ஸைப் போடுவான். இவன் குனிஞ்சு திருநீறு பூசி விடணும். அன்னைல இருந்து தினமும் இதுதான்.

— தினமுமா?

— தினமும்.

— தாயே, இதை ஏன் எங்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— நீ கேட்டியாக்கா? பெரிய சாரு யாரு அடிச்சான்னு கேட்டாரு. அத்தான் ஏன் திருப்பி அடிக்கலன்னு கேட்டாவ. நீ அவனை விட்டுட்டுச் சாமிகிட்டப் போயிக் கேட்ட. என்னைய ஒண்ணும் பெரிசா நினைச்சுக்கிடாத, எனக்கும் கேக்கத் தெரியல. அவன் சட்டையைக் கழட்டி அடித் தழும்பைப் பாத்துட்டு நானும் அந்தப் பயலுவளை ஏசிக்கிட்டுத்தான் நின்னேன். நான் ஏச ஏச அவன் மூட்டைக்குள்ள போயி ஒடுங்குதான். கடைசியில, அந்தப் பள்ளிக்கூடத்துல நல்லவங்கன்னு ஒரு ஆளு கூடவாலே இல்லன்னு கேட்டேன். விஜி டீச்சருன்னான். அவிய என்ன செஞ்சாவன்னு கேட்டேன். எம் பேரை முழுசா கூப்பிடுவாவ சித்திங்கான்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அவனுக்கு அதுவே பெருசா இருந்திருக்கு. நேத்து மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு விஜி டீச்சரைக் கேட்டு வாங்கினேன். யாரு என்னன்னு சொன்னதும், சாப்பிட்டானா, தூங்குனானான்னுதான் முதல்ல கேட்டாவ. எனக்கு அங்கனயே அழுகை வந்துருச்சு, பூத்துக்காரன் பாக்கான்னு கூட நினைக்கல. எல்லாத்தையும் சொன்னேன். அவனை உடனே அனுப்பாதீங்க, இருக்கட்டும்னாவ. வரிசையா நிப்பாட்டிக் கேக்க வேலையெல்லாம் இனிமே நடக்காது, அந்தப் பயலுவளைத் தனித்தனியா நான் பாக்கேன், அவிய வீட்டு ஆளுகளையும் வரச் சொல்லுதேன், இவனை ஹாஸ்டலை விட்டு எடுத்து ஊருல இருந்து பஸ்ஸுல வந்து போற மாதிரிப் பெரிய சார்ட்டப் பேசுதேன்னாவ. நாளைக்கே எல்லாம் நின்னுரும்னு சத்தியம் பண்ண மாட்டேன், கொஞ்ச நாளாகும்னு அதையும் சொன்னாவ. பொறவு ஒண்ணு கேட்டாவ.

— என்ன கேட்டாவ?

— வீட்டுல அவன் பக்கம் நிக்கதுக்கு யாரு இருக்கான்னு கேட்டாவ.

— நான் இருக்கேன்னு சொல்ல வேண்டியதான?

— சொல்லல.

— ஏன் சொல்லல?

— எனக்கு வாய் வரலக்கா.

— நான் அவனுக்கு நல்லதுதான நினைச்சேன், பிரேமா. ஒருபொழுது கெடந்து, வெறுந்தரையில படுத்து, அவனுக்காகத்தான நேர்ந்தேன்.

— தெரியும். இப்ப அதை மாத்திரு. மாயகிருஷ்ணன் அண்ணாச்சிட்டச் சொல்லு. வேசம் வேண்டாம், மாவிளக்கு வைக்கேன், முடி எறக்குதேன்னு சொல்லி மாத்திரு.

— நெனச்ச நேரம் மாத்துததுக்கு அது என்ன பஸ்ஸா? வேசம்னு வாய் விட்டுச் சொல்லி முடிஞ்சாச்சு. இப்ப மாவிளக்கு வச்சா, இவ ஏச்சுப்புட்டாளேன்னு அம்மன் நினைக்க மாட்டாளா? அந்தக் காய்ச்சலை நீ பாக்கல. பிள்ளை வெட்டி வெட்டி இழுத்ததை நான் பாத்தேன், கண்ணு ரெண்டும் மேல போயி சொருகிக் கெடந்தான். திரும்ப வந்துச்சுன்னா? நீ தாங்குவியா? உன் டீச்சரு வந்து தாங்குவாவளா?

— அப்ப வேசத்தைப் போட்டு விடு. இந்தத் தடவை தங்கசாமி வந்தாரு. அடுத்த தடவை லாரியில எவன் இருப்பானோ.

— அப்பிடிச் சொல்லாதட்டி. ஆளுக்கு ஒரு பக்கமா என்னயப் பிடிச்சு இழுத்தா நான் எங்கிட்டுப் போவேன்? வேசம் போட்டாலும் பிள்ளை போயிரும், போடலன்னாலும் பிள்ளை போயிரும். எனக்குப் பயமா இருக்கு பிரேமா.

— சித்தி.

— எந்திரிச்சிட்டியாலே? வா. உங்கம்மா வந்திருக்கா.

— ராசு. கிட்ட வா மக்கா. ஏன் நெலைப்படியிலயே நிக்க? கன்னத்தைக் காட்டு, பாக்கேன்.

— ஆறிப் போச்சும்மா. நீ அழாத.

— என்னய விட்டுட்டுப் போகப் பாத்தியேலே.

— தப்புதாம்மா. இனிமே போக மாட்டேன்.

— நாங்க பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டா கெடந்த?

— ம். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. அம்மா, அந்தத் துணியைச் சித்திகிட்டக் குடு. நான் போட்டுக்கிடுதேன்.

— ராசு, நீ சும்மா இரு. நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்லா.

— பரவால்ல சித்தி. மாட்டேன்னு சொன்னா அம்மா அழுதுக்கிட்டே இருக்கும். ஹாஸ்டல்லயும் அப்பிடித்தான். மொத நாளு மாட்டேன், மாட்டேன்னு சொன்னேன், விடியப்போற வரைக்கும் விடல. மறுநாளு சரின்னுட்டேன், சீக்கிரம் விட்டுட்டானுவ. சரின்னு சொல்லிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும். எங்க, அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கவா சித்தி?

— அக்கா, பாரு அவனை. அந்தத் துணியை ஏன் இப்பிடிக் கசக்குத?

— ராசு, கையைக் கீழ போடு.

— இல்லம்மா, நான்...

— கீழ போடுய்யா. இனிமே எங்கிட்டச் சரின்னு சொல்லாத. பிரேமா, நேர்ந்தது யாரு? அவனா, நானா?

— நீதான்.

— அவ கேட்டா என்னயத்தான கேக்கணும்? இந்தப் பாவாடைத் துணியை அங்கிட்டுப் போடு. எனக்கு ஆம்பளை வேசம் தை. சட்டை, தலப்பா, மீசை எல்லாம் வையி. மூணு தசராவுக்கும் நான் கட்டுதேன். கோவில்பட்டி பஜாருல, அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல போயித் தட்டை ஏந்திக்கிட்டு நிக்கேன். சிரிக்கிறவன் என்னயப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறான்.